தாய்மாமனுக்கும் இப்படித்தான் பார்வை போனதா?

பரம்பரையாக வரும் பார்வை நரம்பு நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும் முதல் கருவி ஸ்கேன் அல்ல, அம்மா வழி உறவுகளைப் பற்றிய ஒரு கேள்வி. பெங்களூரின் மர்பி டவுன் போன்ற பகுதிகளில் அந்தக் கேள்விக்குப் பதில் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம்.

வலி இல்லை. கண் சிவக்கவில்லை. நீர் வடியவில்லை. இருபது வயதை ஒட்டிய ஒரு பையன் செல்போனைப் பார்க்கிறான்; பார்க்கிற இடத்தில் மட்டும் எழுத்து மங்கித் தெரிகிறது. தற்செயலாக ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தபோதுதான், கோளாறு மற்றக் கண்ணில் என்று தெரிகிறது. கண்ணாடிக் கடையில் எந்தப் பவரும் சேரவில்லை. டாக்டர் கண்புரை இல்லை, விழித்திரையும் நன்றாக இருக்கிறது என்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையில் ஒன்றுமில்லை. நரம்பு வீக்கமாக இருக்கலாம் என்று ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள், பலன் இல்லை. சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில், இரண்டாவது கண்ணிலும் அதே மங்கல் தொடங்கிவிடுகிறது.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தியோடர் லீபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1871இல் சில குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து இதை விவரித்தார். அந்தக் காலத்தில் மரபணு என்ற கருத்தே உருவாகியிருக்கவில்லை. எம்.ஆர்.ஐ.யும் மரபணுவைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. யாருக்கு யார் உறவு, யாருக்குப் பார்வை போனது என்று எழுதி வைத்ததில்தான் நோய் பிடிபட்டது. 150 ஆண்டுகள் கழிந்த பிறகும் பல குடும்பங்களில் மாதக்கணக்கில் கேட்கப்படாமல் கிடப்பது அந்தக் கேள்விதான்: அம்மா கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இளவயதில் பார்வை போனதா?

அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவில் இருக்கிறது மர்பி டவுன். கன்டோன்மென்ட் காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டிய இந்தக் குடியிருப்பு, மர்பி என்ற பொறியாளரின் பெயரில் வழங்குகிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகமும் அருகில்தான். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றிய பகுதி இது. இங்கே இந்த நோய் அதிகம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எந்த ஊரிலும் இது அரிய நோய்தான். வடகிழக்கு இங்கிலாந்தில் எடுத்த கணக்கில் ஏறக்குறைய 31,000 பேரில் ஒருவருக்கு இதனால் பார்வை பாதித்திருந்தது. மர்பி டவுனை முன்வைத்து இதை எழுதக் காரணம் வேறு. பாட்டி, பெரியம்மா, சித்தி, தாய்மாமன் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் வசிக்கும் இடத்தில், இந்த நோய்க்குத் தேவையான குடும்ப வரலாற்றை ஒரே மாலையில் திரட்டிவிடலாம். அப்படித் திரட்டியதை வைத்து என்ன செய்வது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 முதல் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. எழுத்தைப் படிக்கவும், முகத்தை அடையாளம் காணவும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியவும் நடுப்பார்வை வேண்டும். அதைச் சுமக்கும் இழைகள் மிக மெல்லியவை. கண்ணுக்குள் இருக்கும் பகுதியில் அவற்றுக்கு மேலுறையும் கிடையாது. அதனால் சமிக்ஞையைக் கடத்த அவை நிறைய ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது.

செல்லுக்குள் அந்த ஆற்றலைத் தயாரிப்பவை மைட்டோகாண்ட்ரியா. அவற்றுக்கென்று தனியாக ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு, அதில் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அந்த எழுத்துகளில் ஒன்று மாறியிருப்பதுதான் இந்த நோயின் வேர். 11778, 3460, 14484 என்ற மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் வரும் மாற்றமே உலக அளவில் பத்தில் ஒன்பது நோயாளிகளுக்குக் காரணம். 11778ஆம் இட மாற்றத்தை அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸின் குழு 1988இல் கண்டறிந்தது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறினாலே மனிதருக்கு நோய் வரும் என்று முதன்முதலில் நிரூபித்தது இந்தக் கண்ணோய்தான்.

ஆற்றல் உற்பத்தி தடைபட்டால் முதலில் தளர்பவை அந்த மெல்லிய இழைகள். ஆகவே நடுப்பார்வை போகிறது. ஓரப்பார்வை பெரும்பாலும் தங்கிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் தெருவில் தட்டுத்தடுமாறாமல் நடப்பார், கீழே கிடக்கும் கல்லைத் தாண்டிப் போவார். எதிரே வரும் பெரியவரின் முகம் மட்டும் தெரியாது. "வணக்கம்கூடச் சொல்லாமல் போகிறான், திமிர்" என்று ஒரு வீட்டில் பேசுவார்கள். "நன்றாகத்தானே நடக்கிறான், நடிக்கிறான்" என்று இன்னொரு வீட்டில் பேசுவார்கள். நோயை விட இந்தப் பேச்சு அதிகமாகக் காயப்படுத்தும். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் இதைப் புரிந்துகொண்டாலே அந்தப் பையனின் பாரத்தில் பாதி இறங்கிவிடும்.

அம்மா வழியில் மட்டும்

மைட்டோகாண்ட்ரியா குழந்தைக்கு அம்மாவின் கருமுட்டையிலிருந்துதான் வருகிறது, அப்பாவிடமிருந்து வருவதில்லை. மாற்றம் உள்ள பெண்ணின் எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆணாகட்டும் பெண்ணாகட்டும், அது போய்ச் சேரும். மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். பார்வை இழந்த ஆணின் பிள்ளைகளுக்கு அவர் மூலமாக இந்த நோய் வராது. "எனக்குக் கல்யாணம் ஆனால் என் பிள்ளைக்கும் இப்படி ஆகிவிடுமோ" என்று பயந்து ஒதுங்கும் இளைஞர்களுக்கு இதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

மாற்றம் இருக்கும் எல்லோருக்கும் பார்வை போய்விடுவதும் இல்லை. ஆண்களில் பாதிப் பேருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் போகும் என்பது பழைய கணக்கு. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு அதைவிடக் குறைத்துச் சொல்கிறது: ஆண்களில் 17.5 சதவீதம், பெண்களில் 5.4 சதவீதம். சில குடும்பங்களில் மாறிய டி.என்.ஏ.வும் மாறாததும் கலந்தே இருக்கும். அந்த விகிதம் அண்ணனுக்கு ஒன்றாகவும் தம்பிக்கு வேறாகவும் அமையலாம்.

அதனால்தான் தடம் மறைந்துவிடுகிறது. பாட்டிக்குப் பார்வை நன்றாக இருக்கும், அம்மாவுக்கும் நன்றாக இருக்கும், திடீரென்று பேரனுக்குப் போகும். எங்கிருந்து வந்தது என்று தேடினால், காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் அந்தத் தாய்மாமன்களின் வரிசையில் ஒருவருக்குப் பார்வை போயிருக்கும். "சின்ன வயதில் காய்ச்சலில் போச்சு", "குடித்துக் கெட்டான்", "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று குடும்பம் அதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கும். பெரியம்மா மகன், சித்தி மகன், பாட்டியின் தம்பி, பாட்டியின் அக்காளுடைய மகள் வழிப் பேரன் என்று அம்மாவின் அம்மா வழியில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அப்பா பக்கத்தில் எத்தனை பேருக்குக் கண் கோளாறு இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

கண்ணோ காதோ பாதித்த குழந்தை வீட்டில் இருந்தால், முதல் பழி சொந்தத்தில் நடந்த கல்யாணத்தின் மேல் விழுகிறது. லீபர் நோயைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தவறான பழி. இங்கே கவனிக்க வேண்டியது மணப்பெண் எந்த அம்மாவின் மகள் என்பது மட்டும்தான்.

மாற்றத்தைச் சுமக்கும் ஒருவர் தன் மாமன் மகளைக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணின் மைட்டோகாண்ட்ரியா அவள் அம்மாவிடமிருந்து, அதாவது வேறு வீட்டிலிருந்து வந்த மாமன் மனைவியிடமிருந்து வந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் போகாது. அதே மனிதர் தன் அக்காள் மகளைக் கட்டினால் பிள்ளைகளுக்குப் போகும். அதற்கும் சொந்தம் காரணமல்ல. அந்தப் பெண் அசலில் யாரைக் கட்டியிருந்தாலும் போயிருக்கும்.

நெருங்கிய உறவுக்குள் கல்யாணம் செய்வதால் அபாயம் கூடும் பார்வை நரம்பு நோய்களும் இருக்கின்றன. வுல்ஃப்ரம் நோய்க்குறி அப்படிப்பட்டது: சிறுவயதில் சர்க்கரை நோய், பிறகு பார்வை நரம்பு நலிவு, பலருக்குக் காது மந்தம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் இது வரும். லீபரைப் போலவே தோன்றி, இப்படி இருவர் வழியிலும் வரும் ஒரு வகை 2021இல் அடையாளம் காணப்பட்டது. ஆகவே குடும்ப வரைபடத்தில் உறவுக்குள் நடந்த கல்யாணங்களையும் குறிக்கத்தான் வேண்டும். பழி போடுவதற்காக அல்ல, எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வதற்காக.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. டென்மார்க்கின் பவுல் கியெர் 1959இல் விரிவாக விவரித்த இந்தப் பார்வை நரம்பு நலிவு அம்மா, அப்பா யாரிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. லீபர் போல வாரக்கணக்கில் பாயாது. பள்ளி வயதில் மெல்ல ஊர்ந்து வரும். கரும்பலகை தெரியாத குழந்தைக்குக் கண்ணாடி போட்டும் தெளிவு வரவில்லை என்றால் டீச்சரும் பெற்றோரும் கவனிக்க வேண்டியது இதை.

எங்கே போவது, என்ன கேட்பது

ஸ்டீராய்டு கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல முடியாது. இளவயதில் திடீரென்று பார்வை குறைந்தால், நரம்பு வீக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவ்வகை வீக்கங்களில் சிலவற்றுக்கு உடனே ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். பி12 குறைபாடு, காசநோய் மருந்து, மெத்தனால் கலந்த சாராயம் ஆகியவையும் இதே நடுப்பார்வையைத்தான் தாக்குகின்றன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து விலக்கும்போதே லீபரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதுதான் நாம் கேட்பது. கண்ணை அசைத்தால் வலி இல்லாதது, ஸ்டீராய்டுக்கு அசையாதது, ஒன்றன்பின் ஒன்றாக இரு கண்களும் பாதிப்பது, பார்வை இவ்வளவு குறைந்தும் வெளிச்சத்துக்குக் கருமணி ஓரளவு நன்றாகச் சுருங்குவது ஆகிய நான்கும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. பார்வை நரம்பின் முகப்பு வீங்கியது போல் தெரியும், ஆனால் சாயம் ஏற்றிப் படமெடுத்தால் கசிவு இருக்காது. ஓ.சி.டி. ஸ்கேன் நரம்பு இழைகளின் தடிமனை அளந்து சொல்லும்.

மர்பி டவுன்காரர்களுக்குக் கைக்கெட்டும் அரசு மருத்துவமனைகள் சிவாஜி நகரின் பௌரிங்கும் இந்திரா நகரின் சர் சி.வி. ராமன் பொது மருத்துவமனையும். கண்ணுக்கென்றே உள்ள நூற்றாண்டு கடந்த அரசு மருத்துவமனை மின்டோ. சுவாமி விவேகானந்தா ரோடு நிலையத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் மின்டோ அருகில். நரம்பு தொடர்பான சிக்கலுக்கு ஓசூர் ரோட்டின் நிம்ஹான்ஸ். தனியாரில் நாராயண நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகள். எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இயங்குகிறது. மரபணு ஆலோசனை கிடைக்கும் நிறுவனம் அது.

மரபணுப் பரிசோதனைக்கு ஒரு குழாய் ரத்தம் போதும். முதலில் அந்த மூன்று இடங்களைப் பார்ப்பார்கள். இந்தியாவில் ஒரு விஷயத்தை நினைவில் கொள்ள வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. சுந்தரேசனும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நோயாளிகளிடம் அந்த அறியப்பட்ட மாற்றங்கள் குறைவாகவே காணப்பட்டன. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தில் கே. தங்கராஜின் குழுவினர் 2013இல், இந்தியாவில் 14484 மாற்றம் உள்ளவர்கள் ஒரே தாய்வழிக் கிளையினர் அல்லர், பல கிளைகளில் பரவியிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். ஆகவே மூன்று இடங்களிலும் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் விஷயம் அத்தோடு முடிவதில்லை. முழு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் பார்க்கலாமா, மற்ற மரபணுக்களையும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நோய் உறுதியானால் ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுவது நல்லது. சிலருக்கு இதயத் துடிப்பின் மின்பாதையில் கோளாறு சேர்ந்தே இருக்கும்.

மருந்து உண்டா?

பழைய பார்வையை அப்படியே திருப்பித் தரும் மருந்து இன்று இல்லை. ஐடெபெனோன் என்ற மாத்திரைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அனுமதி கொடுத்தது. நாளுக்கு 900 மில்லிகிராம். எல்லோருக்கும் அது பலன் தருவதில்லை; சிலருக்குச் சில வரிகள் கூடுதலாகப் படிக்கும் அளவு பார்வை மீள்கிறது. நோய் தொடங்கியவுடன் ஆரம்பிக்க வேண்டும், குறைந்தது ஒரு வருடமாவது தொடர வேண்டும் என்பது 2017இல் சர்வதேச நிபுணர்கள் கூடி எடுத்த கருத்து. காலம் கடத்தாமல் கண்டுபிடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

சரியான மரபணுவை வைரஸின் துணையோடு கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சையும் சோதனையில் இருக்கிறது. ஒரு கண்ணில் ஊசி போட்டபோது இரண்டு கண்களிலுமே பார்வை சற்று மேம்பட்டதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் அதற்காகக் கொடுத்த விண்ணப்பத்தை 2023இல் அதை உருவாக்கிய நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம்பிக்கை வைக்கலாம், வீட்டை அடகு வைத்து எங்கோ ஓடக் கூடாது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வந்துவிடும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள்.

தானாகப் பார்வை மீள்வதும் உண்டு. அது எந்த இடத்தில் மாற்றம் என்பதைப் பொறுத்தது. 14484 உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம், 11778 உள்ளவர்களுக்குக் குறைவு. ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பார்வை போகாதவர்கள் காத்துக்கொள்ள

குடும்ப வரைபடம் போட்டதன் முழுப் பயன் பாதிக்கப்படாத தம்பிக்கும் சித்தி மகனுக்கும்தான் போய்ச் சேரும். பிரேசிலில், இத்தாலியிலிருந்து குடியேறிய ஒரு பெண்ணின் வழிவந்த பெருங்குடும்பம் ஒன்றை 2001 முதல் பல நாட்டு மருத்துவர்கள் தொடர்ந்து போய்ச் சோதித்து வந்தார்கள். மாற்றம் எல்லோரிடமும் ஒன்றுதான். பார்வை போனது சிலருக்கு மட்டும். என்ன வித்தியாசம் என்று பார்த்தபோது புகையும் மதுவும் முன்னால் நின்றன. ஐரோப்பியக் குடும்பங்களைப் பற்றி 2009இல் வந்த ஆய்வில், மாற்றம் உள்ள ஆண்களில் புகைபிடித்தவர்களுக்குப் பார்வை போகும் விகிதம் 93 சதவீதம் வரை எட்டியது. பிறவியில் வந்த எழுத்தை நம்மால் மாற்ற முடியாது. சிகரெட்டை விட முடியும். அம்மா வழியில் இந்த நோய் இருக்கும் பையனுக்குப் பதினைந்து வயதிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால், மருந்துக்கு அடங்காத காசநோயில் பயன்படும் லினிசோலிட் இரண்டும் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியவை. காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து. தொடங்கும் முன்பே "எங்கள் அம்மா வீட்டில் இந்தக் கண் நோய் இருக்கிறது" என்று டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவதா, மாதாமாதம் கண்ணைச் சோதிப்பதா என்று அவர் முடிவு செய்வார்.

பார்வை குறைந்த பிறகு

சிகிச்சைக்காகக் காத்திருந்தே இரண்டு மூன்று ஆண்டுகளை வீட்டுக்குள் கழித்துவிடுவதுதான் இந்த நோயில் நடக்கும் இரண்டாவது இழப்பு. பரிசோதனை ஒரு பக்கம் நடக்கட்டும். பயிற்சி அன்றே தொடங்கட்டும். மிஞ்சியிருக்கும் ஓரப்பார்வையைக் கொண்டு சற்றே பக்கவாட்டில் பார்த்துப் படிக்கப் பழகலாம். குறைபார்வைப் பிரிவில் உருப்பெருக்கிகள் கொடுத்துப் பழக்குவார்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், கணினியில் காசில்லாமல் கிடைக்கும் என்.வி.டி.ஏ. இரண்டும் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். தமிழையும் வாசிக்கும். தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் கர்நாடகக் கிளை ஜீவன் பீமா நகரில், மர்பி டவுனிலிருந்து சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. எனேபிள் இந்தியா, மித்ர ஜோதி, சமர்த்தனம் போன்ற பெங்களூரு அமைப்புகள் கணினிப் பயிற்சியும் வேலைக்கான வழிகாட்டலும் தருகின்றன.

ஆட்டோ ஓட்டியோ டூவீலரில் டெலிவரி செய்தோ சம்பாதித்த பையனுக்கு வருமானம் ஒரே மாதத்தில் நின்றுவிடும். ஆகவே ஊனச் சான்றிதழைத் தள்ளிப்போடக் கூடாது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18க்குக் கீழே இருந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபார்வை. 3/60க்கும் கீழே போனால் பார்வையின்மை. ஊனம் 40 சதவீதம் எட்டினால் யு.டி.ஐ.டி. என்ற ஊன அடையாள அட்டையோடு பல உரிமைகள் வரும். மத்திய அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. தேர்வில் எழுதுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. "எனக்கு ஊனமுற்றவன் என்ற பட்டம் வேண்டாம்" என்று ஒதுங்கும் பிள்ளையிடம், அது பட்டம் அல்ல, உரிமை என்று பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மனசையும் கவனிக்க வேண்டும். நேற்று வரை பைக் ஓட்டிய பையன் இன்று மெசேஜ் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு குறைகிறது, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் அதை "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் துணையோடு நடக்கும் தேசியச் சேவை அது.

டாக்டரிடம் போகும் முன் இவற்றைத் தயார் செய்யுங்கள்

* அம்மாவின் அம்மா, அவர் உடன்பிறந்தவர்கள், அவர் பிள்ளைகள், பெண் மக்கள் வழியில் வந்தவர்கள் எல்லோரையும் ஒரு தாளில் வரையுங்கள். பார்வை போனவருக்கு எந்த வயதில், எத்தனை நாளில், ஒரு கண்ணா இரு கண்ணா என்று குறியுங்கள்.
* வெறுமனே மாமா என்று எழுத வேண்டாம். அம்மாவின் உடன்பிறந்தவரா, அத்தையின் கணவரா என்று தெளிவாகச் சொல்லுங்கள். முதலாமவர் கணக்கில் வருவார், இரண்டாமவர் வரமாட்டார்.
* புகை, மது, காசநோய் மருந்து, சர்க்கரை, காது மந்தம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.
* பழைய கண் ரிப்போர்ட்டுகளையும் மருந்துச் சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள்.
* பதினெட்டு வயதுக்குட்பட்ட, பார்வை நன்றாக உள்ள பிள்ளைக்கு மரபணுச் சோதனை வேண்டுமா என்பதை மரபணு ஆலோசகரிடம் பேசிய பிறகே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, அம்மாக்களைப் பற்றி. அம்மா வழியில் வருகிறது என்று டாக்டர் சொன்ன நிமிடமே பல வீடுகளில் அது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. மாமியார் வீட்டில் வாய் திறந்து பேச முடியாமல் போகிறது. தங்கை கல்யாணம் நின்றுவிடுமே என்று பாட்டி பழைய கதைகளை விழுங்கிவிடுகிறார். அந்த மௌனத்தால் பலியாவது அடுத்த பிள்ளையின் கண்தான். தான் கேட்டு வாங்காத, தனக்கே தெரியாத ஓர் எழுத்து மாற்றத்துக்கு எந்தப் பெண்ணும் பொறுப்பாளி அல்ல. பழி வரும் என்ற பயம் இருக்கும் வீட்டில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்; உண்மை வெளிவராத வீட்டில் நோயைக் கண்டுபிடிக்கப் பல மாதங்கள் ஆகும். ஆகவே இந்த நோயின் சிகிச்சை, "உன்னால்தான்" என்ற சொல்லை அந்தக் குடும்பம் கைவிடும் நாளில் தொடங்குகிறது. அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டு, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய அண்ணன் தம்பிகளைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள்.